1877ஆ, 1949ஆ? இலங்கைத் தபாலுக்குச் சொந்த வாக்கு கிடைத்த வழி

யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கும் லண்டனுக்கும் போன பழைய கடித உறைகளைச் சேர்க்கும் ஒருவரின் கேள்வி இது: நாடுகளுக்கிடையே போகும் கடிதங்களுக்கு விதி வகுக்கும் உலகத் தபால் ஒன்றியத்தில் இலங்கை சேர்ந்த ஆண்டு ஓரிடத்தில் 1877 என்றும் இன்னோரிடத்தில் 1949 என்றும் இருக்கிறது. எது சரி? குடியேற்ற நாடாக இருந்த காலத்தில் அங்கே இலங்கைக்குப் பேச்சுரிமை இருந்ததா? இதெல்லாம் உறைகளைப் பார்த்தால் தெரியுமா?

இரண்டு ஆண்டும் சரி. 1877 ஏப்ரல் 1இல் இலங்கை என்ற நிலப்பரப்பு ஒன்றியத்தின் விதிகளுக்குள் வந்தது. 1949 ஜூலை 13இல் இலங்கை என்ற அரசு உறுப்பினரானது. இடையில் கிடந்த 72 ஆண்டுகளும் உறுதியில் பெயர் இல்லாமல் காணியில் குடியிருந்த கணக்குத்தான். வேலி அடைக்க வேண்டும், வரி கட்ட வேண்டும், கிணற்றில் தண்ணீரும் அள்ளலாம். காணியைப் பிரிப்பதா விற்பதா என்று பேசும்போது மட்டும் கூப்பிட மாட்டார்கள்.

முதலில், ஒன்றியம் வருவதற்கு முன் வெளிநாட்டுக் கடிதம் எப்படிப் போனது என்பதைப் பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் 1877இன் பெறுமதி விளங்காது. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வெளிவந்தது. ஆறு பென்ஸ் பெறுமதி. அரை அவுன்ஸ் கடிதம் இங்கிலாந்துக்குப் போவதற்கான கட்டணம் அது. இங்கிலாந்தைத் தாண்டி ஜேர்மனிக்கோ இத்தாலிக்கோ எழுத வேண்டுமானால் கட்டணம் வேறு. அந்த நாட்டுக்கும் பிரித்தானியாவுக்கும் என்ன ஒப்பந்தம், எந்தக் கப்பல், எந்த வழி என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். ஒரே இங்கிலாந்துக்கே சவுதாம்ப்ரன் வழி என்றால் ஒரு விலை, இத்தாலித் துறைமுகமான பிரிண்டிசியில் இறக்கி ரயிலேற்றினால் இன்னொரு விலை. பிரிண்டிசி வழி விரைவு, ஆனால் செலவு கூட. யாழ்ப்பாணக் கந்தோரில் கொடுத்த கடிதம் தரைவழியாகத் தெற்கே போய், காலியில் கப்பல் ஏறும். 1880களில் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கி உருவாகும்வரை பெரிய தபாற்கப்பல்களுக்குக் காலிதான் துறை. இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் யாருக்கு எவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு வைக்கப்பட்டது. ஒரு கடிதத்தின் பத்துப் பன்னிரண்டு பென்ஸ் கட்டணத்தை மூன்று நான்கு நிர்வாகங்கள் பிரித்தெடுத்துக்கொண்ட காலம் அது.

1874 ஒக்டோபர் 9இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் 22 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை இந்தக் கணக்குப் புத்தகத்தைத்தான் கிழித்தது. முன்னின்று நடத்தியவர் ஜேர்மனியின் தபால் தலைவர் ஹைன்ரிஷ் ஃபொன் ஸ்டெஃபான். உடன்படிக்கை 1875 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகள் எல்லாம் கடிதப் பரிமாற்றத்துக்கு ஒரே நிலப்பரப்பு என்றாக்கியது அது. 15 கிராம் கடிதத்துக்கு 25 சென்ரிம் (நூறு சென்ரிம் ஒரு பிராங்) என்ற பொது அளவைக் கொடுத்தது. தேவைக்கேற்ப 20இலிருந்து 32 வரை வைக்கலாம். எல்லாவற்றிலும் பெரிய மாற்றம், முத்திரை விற்ற நாடே அந்தப் பணம் முழுவதையும் வைத்துக்கொள்ளும் என்ற விதி. கடிதம் போனால் பதில் வரும், ஆகவே வரவும் செலவும் தானாகச் சமப்படும் என்பது அதன் தர்க்கம். இந்தத் தர்க்கம் எங்களைப் போன்ற நாடுகளுக்கு எங்கே பிழைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

குடியேற்ற நாடுகள் ஏன் அன்றைக்கே சேரவில்லை? கடல்தான் காரணம். இடையில் கடிதத்தைச் சுமக்கும் நாட்டுக்குப் பாரத்தின்படி கடப்புக் கூலி கொடுக்க வேண்டும். 1874இல், 300 கடல் மைலுக்கு மேற்பட்ட கடல்வழிக்குக் கடிதம் கிலோவுக்கு 6 பிராங் 50 சென்ரிம். 1878இல் பாரிஸ் மாநாடு அதை 15 பிராங் ஆக்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15 கிராம் நிறைந்த ஒரு கடிதத்துக்கு 15 பிராங் வீதப்படி கடற்கூலி 22.5 சென்ரிம். வாங்குவதோ 25. மிஞ்சுகிற இரண்டரைச் சென்ரிமில் கந்தோரும் நடத்தி, தபாற்காரருக்குச் சம்பளமும் கொடுக்க ஏலாது. எல்லாக் கடிதமும் 15 கிராம் நிறைய இருப்பதில்லைத்தான். என்றாலும் தூரக்கடல் வழிகளுக்கு ஒரு கடித அலகுக்கு 25 சென்ரிம் வரை மேலதிகக் கட்டணம் அறவிடலாம் என்று பாரிஸ் உடன்படிக்கை இடம் கொடுத்தது சும்மா அல்ல. இதற்கு மேல், பி அண்ட் ஓ போன்ற கப்பற் கம்பனிகளுக்குப் பிரித்தானிய அரசு கொடுத்த தபால் மானியத்தின் சுமையும் இருந்தது. கட்டணம் குறைந்தால் அந்தச் சுமையை யார் ஏற்பது என்பது லண்டனுக்கும் குடியேற்ற நாடுகளின் திறைசேரிகளுக்கும் இடையே நீண்ட இழுபறி.

கடல் கடந்த நாடுகள் சேரும் முறையைப் பேர்ண் உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு வகுத்திருந்தது. பேர்ணில் இருக்கும் சர்வதேசப் பணியகத்தை நடத்தும் நிர்வாகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடற்கூலி பற்றிப் பின்னர் இணங்குவதாக ஏற்க வேண்டும். ஏற்கெனவே அந்த நாட்டோடு நேரடித் தபால் உறவு வைத்திருப்பவர்கள் முதலில் உடன்பட வேண்டும். தேவையானால் அதற்கென ஒரு கூட்டம் கூட்டப்படும். உடன்பாடு வந்தபின் எல்லா உறுப்பினருக்கும் அறிவித்து, ஆறு கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் சேர்க்கை முடிந்தது. பிரித்தானிய இந்தியாவுக்காகவும் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்காகவும் 1876 ஜனவரியில் பேர்ணில் இப்படி ஒரு கூட்டம் நடந்தது; 1876 ஜூலை 1இல் இந்தியா உள்ளே வந்தது. வழி திறந்த பிறகு மற்றவை வரிசையாக வந்தன. 1877 ஏப்ரல் 1இல் இலங்கையோடு சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள், ஹொங்கொங், மொரீசியஸ், ஜமெய்க்கா முதலியனவும் நுழைந்தன. இலங்கை தனக்கென வாதாடிப் பெற்ற நாள் அல்ல அது. லண்டன் ஒரு கட்டாகக் கொண்டுபோய்ச் சேர்த்த நாள்.

ஆனாலும் அந்த நாள் யாழ்ப்பாணத்துக்கு முக்கியமானது. நீரிணைக் குடியேற்றங்கள் என்றால் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர். இலங்கையும் அவையும் ஒரே நாளில் ஒரே தபால் நிலப்பரப்பாயின. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் தீபகற்பத்திலிருந்து இளைஞர்கள் மலாயாவின் ரயில்வேக்கும் பொதுவேலைப் பகுதிக்கும் கிளாக்கர்களாகப் போகத் தொடங்கியபோது, கடிதம் அனுப்புவதற்கான விதிகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. நிலையான கட்டணம், பதிவுத் தபால், தபாலட்டை எல்லாம் ஒன்றியத்தின் வழி வந்தவை. 1878 பாரிஸ் உடன்படிக்கையின்படி தபாலட்டைக்கு 10 சென்ரிம், அச்சிட்ட தாளுக்கு 50 கிராமுக்கு 5 சென்ரிம் என்பது அடிப்படை. மானிப்பாய், தெல்லிப்பழை மிஷன் அச்சகங்கள் இருந்த ஊரில் அந்தக் கடைசி எண்ணின் பயனைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனி வாக்குக்கு வருவோம். பொதுத் தபால் ஒன்றியம் என்ற பெயர் உலகத் தபால் ஒன்றியம் என மாறியது அதே 1878 பாரிஸில். யார் யாருக்கு வாக்கு என்பதும் அங்கேதான் தெளிவாக எழுதப்பட்டது. ஒரு குடியேற்றத்தை, அல்லது குடியேற்றங்களின் ஒரு தொகுதியை, வாக்கின் பொருட்டு ‘ஒரு நாடாகக்’ கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அந்தப் பட்டியலில் இருந்தவை பிரித்தானிய இந்தியா, கனடா, டென்மார்க்கின் குடியேற்றங்கள் மொத்தமாக, ஸ்பெயினுடையவை மொத்தமாக, பிரான்சினுடையவை மொத்தமாக, ஒல்லாந்தினுடையவை மொத்தமாக, போர்த்துக்கலினுடையவை மொத்தமாக. இலங்கை இல்லை. தனியாகவும் இல்லை, ஒரு கூட்டத்துக்குள்ளும் இல்லை. பாண்டிச்சேரியும் மார்த்தினிக்கும் சேர்ந்த பிரெஞ்சுத் தொகுதிக்கு ஒரு வாக்கு இருந்தது. யாழ்ப்பாணமும் ஜமெய்க்காவும் உள்ள பிரித்தானியத் தொகுதிக்கு அதுவும் கிடையாது. 1891 வியன்னா மாநாட்டோடு அவுஸ்திரேலியப் பகுதிக் குடியேற்றங்கள் கூட்டாக ஒரு வாக்கோடு வந்தன. 1906 ரோம் உடன்படிக்கையில் ‘ஏனைய பிரித்தானியக் குடியேற்றங்கள் அனைத்தும்’ என்ற ஒரு வரி இருந்தது. இலங்கைக்குக் கிடைத்த இடம் அந்த ‘ஏனைய’. அந்த வாக்கு கொழும்பின் கையில் இல்லை, லண்டனின் கையில். பேரரசின் வாக்குகளை இப்படிக் கூட்டுகிறார்கள் என்று மற்ற நாடுகள் முறையிட்டதற்கும் காரணம் இதுதான். அந்த வாக்கால் நன்மை கண்டது பிரித்தானியா. இலங்கை அல்ல என்பது என் கணிப்பு.

வாக்கில்லாமை நடைமுறையில் எதைத் தடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாநாடு ஐந்தாறு ஆண்டுக்கொருமுறைதான் வரும். இடைப்பட்ட காலத்தில் திருத்தம் வேண்டுமென்றால் ஒரு நிர்வாகம் பேர்ண் பணியகத்துக்கு முன்மொழிவு அனுப்பலாம். பின்னாளைய விதியின்படி, முன்மொழிபவரைத் தவிர இன்னும் இரண்டு நிர்வாகங்களாவது அதை ஆதரிக்க வேண்டும். பணியகம் அதைச் சுற்றறிக்கையாக்கி எல்லோருக்கும் அனுப்பி, பதில் வாங்கி, எண்ணும். கட்டணம், கடப்புக் கூலி போன்ற அடிப்படைப் பிரிவுகளை மாற்ற எல்லோரும் ஒப்ப வேண்டும். மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஒரு பிரிவுக்குப் பொருள் கூறுவதற்கு வெறும் பெரும்பான்மை. கொழும்பிலிருந்த தபால் மா அதிபருக்கு ஒரு விதி இடைஞ்சலாக இருந்தால், குடியேற்றச் செயலகம் வழியாக லண்டனுக்கு எழுதி, லண்டன் தபால் தலைமையகம் தன் நலனோடு ஒத்துப் பார்த்து, விரும்பினால் பேர்ணுக்கு அனுப்ப வேண்டும். கடற்கூலியைக் குறைக்கச் சொல்ல விரும்பும் தீவும், கப்பல்களுக்கு மானியம் கொடுத்துக் கடற்கூலி வாங்கும் பேரரசும் ஒரே கட்சிக்காரர் அல்ல. அந்த வழியில் போன முறைப்பாடு எங்கே நிற்கும் என்பது ஊகிக்கக்கூடியதே.

இத்தனைக்கும் இலங்கை நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று நினைத்தால் அதுவும் தவறு. ஒன்றிய உடன்படிக்கை மூன்று வாசல்களைத் திறந்தே வைத்திருந்தது. உள்நாட்டுக் கட்டணத்தில் ஒன்றியம் தலையிடாது. இரண்டு நிர்வாகங்கள் தமக்குள் குறைந்த கட்டணத்துக்குக் குறுகிய ஒன்றியம் அமைத்துக்கொள்ளலாம். காசுக்கட்டளை, பொதி போன்ற சேவைகளுக்குத் தனி ஒப்பந்தங்கள் செய்யலாம். இவற்றில் குடியேற்ற நிர்வாகங்கள் நேரடியாகப் பேசிக்கொண்டன. மலாயாவிலிருந்து மாதாமாதம் வீட்டுக்கு வந்த காசு காசுக்கட்டளையாக வந்ததென்றால், அதன் அடியில் இருந்தது பேர்ண் உடன்படிக்கை அல்ல. இரு நிர்வாகங்களுக்கிடையிலான ஏற்பாடு. 1898 டிசம்பர் 25இல் தொடங்கிய பேரரசுப் பென்னித் தபாலும் இந்தக் குறுகிய ஒன்றிய வாசலால் வந்ததுதான். இலங்கையில் அந்தப் பென்னி ஆறு சதம் ஆனது.

சதம் என்றதும் ஒரு சிக்கல் வருகிறது. என் பார்வையில் இந்த விடயத்தில் மிகச் சுவையான பகுதி இதுதான். உடன்படிக்கையின் கணக்கு தங்கப் பிராங்கில். இலங்கை 1872இல் ரூபாய் சதத்துக்கு மாறியது, ரூபாய் வெள்ளி. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 23 பென்ஸ் கிடைத்தது. வெள்ளியின் விலை சரியச் சரிய, 1890களில் அது 16 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. 25 சென்ரிம் மாறவில்லை, ஆனால் அதற்குச் சமமான சதம் ஏறிக்கொண்டே போனது. தான் கொடுக்கும் கடற்கூலி தங்கத்தில், வாங்கும் முத்திரைக் காசு வெள்ளியில் என்று இருக்கும் ஒரு நிர்வாகம் இரண்டு பக்கமும் இடிபடும். தன் நாணயத்தில் ‘சமன்’ என்ன என்பதை ஒன்றியத்தோடு உடன்பட்டுத்தான் நிர்ணயிக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் 1891இன் மேலச்சு முத்திரைகள் புரியும்: 25 சதம், 28 சதம் முத்திரைகளின் மேல் பதினைந்து சதம் என்று அடித்து விற்றார்கள். அந்த ஆண்டு ஜனவரி 1இல் பிரித்தானியாவுக்கும் குடியேற்றங்களுக்கும் இடையே அரை அவுன்ஸ் கடிதம் இரண்டரைப் பென்ஸ் ஆனது. அன்றைய மாற்று வீதத்தில் 15 சதம் என்றால் அதுதான். இருந்த முத்திரைகள் விலை கூடியவையாகிவிட்டதால் மேலச்சு.

பாரத்திலும் இப்படி ஒரு மொழிபெயர்ப்பு உண்டு. மெற்றிக் அளவை இல்லாத நாடுகள் 15 கிராமுக்குப் பதிலாக அரை அவுன்ஸ் வைக்கலாம், அது 14.17 கிராம், கொஞ்சம் குறைவு. ரோம் மாநாட்டின் பின் 1907 ஒக்டோபர் 1இலிருந்து அலகு 20 கிராம் ஆனபோது, அவுன்ஸ் நாடுகளுக்கு ஒரு முழு அவுன்ஸ் கிடைத்தது, அது 28.35 கிராம். அதாவது யாழ்ப்பாணத்தில் தபாலிட்டவர் பாரிஸில் தபாலிட்டவரைவிட 8 கிராம் கூடுதலாக அதே கட்டணத்தில் அனுப்பலாம். வாக்கில்லாமலே கிடைத்த நல்லது.

இப்போது 1949. 1947இல் பாரிஸில் மாநாடு கூடியது. உடன்படிக்கை ஜூலை 5இல் கையெழுத்தாகி 1948 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. கையெழுத்திடும்போது இலங்கை இன்னும் குடியேற்றம். ஆகவே அது பிரித்தானியக் கடல்கடந்த பிரதேசங்கள் என்ற தொகுதிக்குள். உடன்படிக்கை உயிர்பெறும்போது இலங்கை சுதந்திரமடைந்து ஐந்து மாதம். சுதந்திரம் வந்ததும் ஒன்றியத்தில் ஆசனம் தானாக வந்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள், வரவில்லை. புதிய உடன்படிக்கையின்படி, இறைமையுள்ள நாடு இராசதந்திர வழியாகச் சுவிஸ் அரசுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சுவிஸ் அரசு எல்லா உறுப்பினருக்கும் அறிவிக்கும். மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்க வேண்டும். நான்கு மாதத்துக்குள் பதில் அனுப்பாதவர் வாக்களிக்காதவராகக் கருதப்படுவார். முன்பு மறுப்பு வராவிட்டால் போதும் என்றிருந்தது. இப்போது ஆதரவை எண்ணிக் காட்ட வேண்டும். தபால் ஒன்றியம் 1948இல் ஐக்கிய நாடுகளின் சிறப்பு நிறுவனம் ஆகியிருந்தது. அதே காலத்தில் ஐ.நா.வில் இலங்கையின் விண்ணப்பத்தைச் சோவியத் ஒன்றியம் இரத்து அதிகாரத்தால் தடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே போனது 1955 டிசம்பர் 14இல்தான். தபால் ஒன்றியத்தில் எவருக்கும் இரத்து அதிகாரம் இல்லை. அதனால் ஐ.நா.வுக்கு ஆறு ஆண்டுகள் முன்பே, உலகளாவிய ஒரு சபையில் இலங்கை தன் பெயரில் இருந்தது. சுதந்திரத்தின் சர்வதேச அங்கீகாரம் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஆசனத்தைக் கண்டுகொள்வதேயில்லை.

அயலவர்களோடு ஒப்பிட்டால் இந்த நடைமுறையின் குணம் இன்னும் தெளிவாகும். இந்தியாவுக்கு 1876 முதல் தன் பெயரில் இடம் இருந்ததால் அதன் சேர்க்கைத் தேதி இன்றும் 1876 ஜூலை 1. பாகிஸ்தான் புதிதாக 1947 நவம்பர் 10. பர்மா 1949 ஒக்டோபர் 4. இலங்கையோடு ஒரே நாளில் 1877இல் நுழைந்த நீரிணைக் குடியேற்றங்களின் வாரிசுகளில் மலாயா 1958 ஜனவரியிலும் சிங்கப்பூர் 1966 ஜனவரியிலும் தனித்தனியே வந்தன. அதே 1877 தொகுதியைச் சேர்ந்த மொரீசியஸ் 1969இல். எனவே பட்டியல்களில் ஆண்டு முரண்படுவது இலங்கைக்கு மட்டுமுள்ள குழப்பம் அல்ல. தொகுதிக்குள் இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு தேதி உண்டு.

வாக்கு வந்ததால் என்ன மாறியது? உடனடியாக ஒன்றும் இல்லை. இலங்கை உறுப்பினரான பின் வந்த முதல் மாநாடு 1952இல் பிரசெல்ஸில். ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்ற விதியில் இலங்கையும் பிரித்தானியாவும் சமம், ஆனால் அறையில் இன்னும் பழைய உறுப்பினர்களே அதிகம். ஆசிய ஆபிரிக்க நாடுகள் 1950களிலும் 60களிலும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த பிறகுதான் 1874இன் அந்தத் தர்க்கத்தைத் தொட முடிந்தது: கடிதம் போனால் பதில் வரும், ஆகவே முத்திரைக் காசை விற்றவரே வைத்துக்கொள்ளட்டும். நடந்தது வேறு. பணக்கார நாடுகளிலிருந்து சஞ்சிகை, விலைப்பட்டியல், அச்சுப்பிரதி, பொதி என்று பாரம் பாரமாக வந்தது. போனது இரண்டு தாள் கடிதம். வந்த பாரத்தைத் தரம் பிரித்து, ரயிலேற்றி, பருத்தித்துறை ஒழுங்கைவரை சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்த செலவுக்கு இலங்கைக்கு ஒரு சதமும் இல்லை. 1969 டோக்கியோ மாநாட்டில் முடிவிடக் கூலி என்ற ஏற்பாடு நிறைவேறியது. 1971 ஜூலை 1இலிருந்து, இரு நாடுகளுக்கிடையே வந்த பாரம் போன பாரத்தைவிடக் கூடினால், கூடிய கிலோவுக்கு 50 தங்கச் சென்ரிம். சிறு தொகைதான். 1974 லொசானில் அது ஒன்றரைப் பிராங், 1979 ரியோ டி ஜெனீரோவில் ஐந்தரைப் பிராங் என ஏறியது. ஒற்றை வாக்கு வைத்திருந்த பல நாடுகள் சேர்ந்து பெற்றது அது. 1906இன் ‘ஏனைய’ வரிக்குள் இருந்திருந்தால் கடிதம் அனுப்பும் பக்கத்து நலனுக்கே இலங்கையின் பெயரிலும் வாக்கு விழுந்திருக்கும்.

ஒன்று மட்டும் கவனத்தில் வையுங்கள்: சொந்த முத்திரை என்பது சொந்த வாக்குக்கு அடையாளம் அல்ல. 1857இலிருந்தே முத்திரை இருந்தது. அதேபோல ஒன்றியம் பச்சை, சிவப்பு, நீலம் என்று அச்சுத்தாள், தபாலட்டை, வெளிநாட்டுக் கடிதம் ஆகிய மூன்றுக்கும் நிறம் பரிந்துரைத்த காலத்தில் இலங்கை முத்திரைகளில் அந்த நிறங்களைக் கண்டால், விதி இங்கே பொருந்தியது என்றுதான் பொருள். விதியை இயற்றும்போது இலங்கை இருந்தது என்று பொருள் அல்ல.

உங்கள் உறைகளைப் பார்க்கும் ஒழுங்கு இதோ. முதலில் திகதி முத்திரையை வாசியுங்கள். யாழ்ப்பாணக் கந்தோரின் முத்திரை மங்கலாக இருந்தால் பின்பக்கத்தைத் திருப்புங்கள். கொழும்பு அல்லது காலியின் கடப்பு முத்திரை பெரும்பாலும் அங்கே தெளிவாக விழுந்திருக்கும். வெளிநாட்டுப் பை கட்டும் அதிகாரம் பரிமாற்றக் கந்தோருக்கு மட்டுமே. யாழ்ப்பாணம் தன் தபாலை அங்கே அனுப்பும். மூடிய பையில் போன கடிதத்தில் இடைநாட்டு முத்திரை இருக்காது, ஏனென்றால் இடையில் யாரும் பையைத் திறப்பதில்லை. ஆகவே இந்தியாவினூடாகப் போன உறையில் இந்திய முத்திரை இல்லையென்று அதைப் போலி என்று ஒதுக்காதீர்கள். 1914 பெப்ரவரியில் தலைமன்னார்–தனுஷ்கோடி கப்பல் தொடங்கிய பிறகு இந்தியத் தபாலில் இதை அடிக்கடி காணலாம்.

அடுத்தது கட்டணம். 1877 ஏப்ரலுக்கு முந்திய உறையில் வழியின் பெயரைத் தேடுங்கள்; பிரிண்டிசி என்று எழுதியிருந்தால் கட்டணம் உயர்ந்திருக்கும். பின்னர் அரை அவுன்ஸ் அலகு, 1907 ஒக்டோபர் 1க்குப் பின் ஒரு அவுன்ஸ். பேரரசுக்குள் ஆறு சதம், வெளியே பதினைந்து சதம் என்ற வித்தியாசத்தை 1899க்குப் பிந்திய உறைகளில் கட்டாயம் பாருங்கள். பெரும்பாலான பிழைகள் இங்கேதான். சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் ஆறு சதம் ஒட்டிப் பழகிய கை, பொஸ்டனுக்கோ சுமாத்திராவுக்கோ அதையே ஒட்டிவிடும். அமெரிக்கா பேரரசு அல்ல, ஒல்லாந்தரின் தீவுகளும் அல்ல. ஒன்பது சதம் குறைவு. 15 சதம் 25 சென்ரிமுக்குச் சமம் என்றால் அது 15 சென்ரிம். விதிப்படி பெறுபவரிடம் இருமடங்கு, அதாவது 30 சென்ரிம், அந்த நாட்டு நாணயத்தில் அறவிடுவார்கள். கட்டணம் போதாது என்பதற்கு அடையாளமாக, அனுப்பிய நாட்டின் கந்தோர் உறையில் ‘டி’ (T) என்ற எழுத்தைக் குத்தும். பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண் இலங்கைச் சதம் அல்ல, சென்ரிம். காலத்தைப் பொறுத்து அது குறைவையும் குறிக்கலாம், இருமடங்கையும் குறிக்கலாம். விற்பனைக்கு வரும் உறைகளில் இதைச் சதமாக வாசித்து, கட்டணத்தைத் தாறுமாறாக விளக்கி எழுதியிருப்பார்கள். எண்ணை ஒருமுறை பதினைந்தோடும் ஒருமுறை முப்பதோடும் ஒப்பிட்டுப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும்.

சுதந்திரத்தை ஒட்டிய உறைகள் இருந்தால் 1949 ஒக்டோபரின் ஒன்றிய 75ஆம் ஆண்டு முத்திரைகளைத் தனியே எடுத்து வையுங்கள். பிரித்தானியக் குடியேற்றங்கள் எல்லாம் அந்த ஆண்டில் ஒரே நான்கு வடிவமைப்புகளைத் தங்கள் பெயர் போட்டு வெளியிட்டன. மலாயா மாநிலங்களின் முத்திரைகளைப் பக்கத்தில் வைத்தால் அந்த ஒற்றுமை தெரியும். இலங்கை அந்தத் தொகுதியில் இல்லை. 5, 15, 25 சதம் என மூன்று முத்திரைகளைத் தன் வடிவமைப்பில் வெளியிட்டது. நான்கு முத்திரை கொண்ட பொதுத் தொகுதியில் இலங்கையைத் தேடி, அல்பத்தில் வெற்றிடம் விட்டு வைத்திருப்பவர்கள் அந்த இடத்தை மூடிவிடலாம்.